கயிறு தாங்குமா?

"கயிறு தாங்குமா மருது?" என்று கேட்டான் அழகுசுந்தரம்.

"தேக்கு மரம் ஏத்திக் கட்டுன வடக்கயிறு, சின்னச் செட்டியாரே."

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, புது மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான் மருது. நாளைக்கு நெற்குப்பையில் அழகுசுந்தரத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டாம், ஊர் எல்லையில் இதை இறக்கி மகனே ஓட்டிக்கொண்டு வரட்டும் என்பது அவன் அப்பச்சி மெய்யநாதன் செட்டியாரின் ஏற்பாடு. அதுவரை புழுதி படக் கூடாதாம்.

"மாடு மிரண்டா?"

"பழகுன மாடு. மிரளாது."

"பிள்ளையார்பட்டி தாண்டினா பெரிய பள்ளம் இருக்கே?"

"அங்க நான் இறங்கி மாட்டைப் பிடிச்சுக்கிட்டே நடப்பேன்."

அழகுசுந்தரத்தின் முகம் வெளிறியது. மருதுவுக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு சுற்றுப் போட்டு, காலை ஊன்றி முடிச்சை இழுத்தான்.

"இப்ப ஆட்டிப் பாருங்க. நெற்குப்பை போய்ச் சேர்ற வரைக்கும் இம்மியும் அசையாது. பயப்படாதீக."

அழகுசுந்தரம் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அப்பச்சி வீட்டுக்குள் போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மருதுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, முடிச்சைக் கொஞ்சம் தளத்தி விடுங்க. அந்தப் பள்ளத்துல இது விழுந்து உடையணும்."

"என்ன சொல்லுறீக!"

"ரங்கூன்ல படம் பிடிக்கிற கடையில ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி வச்சிருந்தாக. அதுல உக்காந்து படம் எடுத்து அனுப்பினேன். அதைப் பாத்துட்டு அப்பச்சி இதை வாங்கிட்டாக. எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுண்ணே."