மேல் மூலையில் ஒரு வெள்ளை

"பாத்தா ஒண்ணும் புரியக் கூடாதும்மா. ஆனா பெரிய எடத்துப் படம்னு தெரியணும். அவ்ளோதான்" என்றார் கஜபதி.

ஸ்டூடியோ ஷாலினி சிரிப்பை அடக்குவது அவருக்கும் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும். அவர் கஷ்டம் அவருக்கு.

திருத்தணி மலையடிவாரத்தில் அவர் லாட்ஜ் கட்டி ஒன்றரை வருஷம். பாதி அறை காலிதான். சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் கூட்டிவரும் டூர் கம்பெனி ஒன்று வருஷம் பூராவும் அங்கேயே அறை எடுக்கத் தயாராக இருக்கிறது. போன மாசம் அதன் மேனேஜர் பரந்தாமன் வந்தார். பாத்ரூம் முதல் தலையணை உறை வரை பார்த்தார். எல்லாம் சரி, ரிசப்ஷன் சுவர்தான் வெறிச்சென்று இருக்கிறது, ஏதாவது மாடர்ன் ஆர்ட் மாட்டி வையுங்கள், அடுத்த தடவை கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் லாட்ஜ் பிழைக்கும்.

அதனால்தான் கஜபதி எதிர்க் கட்டிட மாடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறார்.

ஷாலினி கம்ப்யூட்டரில் முதலில் கோபுரத்தைக் காட்டினாள். டீக்கடையில்கூட இருக்கிறது என்று தள்ளினார். மலைப்படியைக் காட்டினாள். காவடியைக் காட்டினாள். மயில் வந்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. சாமி மேலே கோயிலில் இருக்கட்டும், இங்கே வரப்போகிறவன் சென்னைக்காரன், அவனுக்குத் தகுந்த மாதிரி காட்டு என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "ஒண்ணு இருக்குதுண்ணா" என்று ஒரு ஃபைலைத் திறந்தாள்.

அடேயப்பா! கருநீலத்தில் ஏழு மஞ்சள் வட்டங்கள். ஆறு பெரிசு, ஒன்று சிறிசு. எல்லாம் கரைந்து வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மேல் மூலையில் மட்டும் ஈரக் கையால் விபூதியை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெள்ளை.

ஒரு போட்டோவைத்தான் போட்டோஷாப்பில் தேய்த்துத் தேய்த்து இப்படி ஆக்கியிருக்கிறேன் என்றாள். எந்தப் போட்டோ என்று கஜபதி கேட்கவில்லை. புரியவில்லை, அது போதும் அவருக்கு.

ஆறடிக்கு நாலடி பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, மேலே தனியாக ஒரு லைட்டும் வைத்தாயிற்று. வாட்ச்மேன் வேடியப்பன் வந்து பார்த்துவிட்டு, லட்டுத் தட்டு மாதிரி இருக்குதுங்க என்றான். கஜபதி அவனை வாசலுக்கே போய் நிற்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

கஜபதிக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"கீழ இருக்கிறதெல்லாம் ஜனங்க சார். மேல அந்த வெள்ளை இருக்குது பாருங்க, அதான் கடவுள். நம்ம கண்ணுல படாம ஒளிஞ்சிகினு இருந்தாலும், எல்லாரையும் பாத்துகினுதான் இருக்காரு."

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஸ்வீட் பாக்கெட்டோடு கஜபதி மறுபடி ஸ்டூடியோ மாடி ஏறினார். மனசு நிறைந்திருந்தது. ஒரே குறை, பள்ளிப்பட்டில் இருக்கும் தங்கச்சி பிரேமாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் போன் போட்டே ஒரு மாசம் ஆகிறது. போன மாசம் அவள் பையனுக்குத் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டையடிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு லாட்ஜுக்கு வந்திருந்தாள். முதலாளி அவசரமாக அரக்கோணம் போயிருக்கிறார் என்று வேடியப்பன் சொல்லிவிட்டான். மாமன் மடி இல்லாமலே மலையில் மொட்டை முடிந்தது. திரும்பி வந்து, பிரசாதம் கொடுக்க வாசற்படியில் ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

அதை ஒதுக்கிவிட்டு, "வர்றவன்லாம் கேக்கறான்மா. அது எதை எடுத்த போட்டோ?" என்றார்.

ஷாலினி தயங்கினாள். அவர் விடவில்லை.

அசல் அடியில அப்படியே இருக்குதுண்ணா என்று சொல்லி, மேலே பூசினதை ஒவ்வொன்றாக விலக்கினாள். நீலம் போனது, லாட்ஜ் வாசற்படி வந்தது. மஞ்சள் வட்டம் ஏழும் சந்தனம் பூசின மொட்டைத் தலைகளாயின. அந்தச் சிறிசு, பிரேமாவின் பையன்.

கடைசியாக வெள்ளை விலகியது. லாட்ஜின் முதல் மாடி ஜன்னல். திரையை லேசாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், கீழே பார்த்தபடி நின்றிருந்தார் கஜபதி.

அன்றைக்குத்தான் மேனேஜர் முதல் தடவையாக வருவதாக இருந்தது. ஏழு சந்தன மொட்டையும் மூட்டை முடிச்சுமாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தால் லாட்ஜின் மரியாதை என்ன ஆவது? அதனால்தான் வேடியப்பனை அப்படிச் சொல்லச் சொன்னார்.

"மொதல்ல இதை அழிச்சிடும்மா." என்றார் அவர். "என் தங்கச்சி கண்ணுல பட்டா இன்னா ஆவறது?"

"பட்டுடுச்சுண்ணா" என்றாள் ஷாலினி. "அன்னிக்கு நான் இந்த ஜன்னல்லேர்ந்து இதை எடுத்த கொஞ்ச நேரத்துல, பையனைப் போட்டோ புடிக்க இங்கதான் வந்தாங்க. கம்ப்யூட்டர்ல இதைப் பாத்தாங்க. போறப்போ, 'எங்கண்ணன் மூஞ்சி தெரியாம தேச்சுடும்மா, நாலு பேரு பாத்தா அவருக்கு அசிங்கம்'னு சொன்னாங்க. அந்த ஒரு மூஞ்சியத் தேய்க்கப் போய்தாண்ணா, மொத்தப் படமும் இப்படி ஆச்சு."