ஐந்தாம் ஸ்தலம்

அடைக்கலம் சாட்டையைச் சிவப்புப் போர்வைக்குள் ஒளித்திருந்தானா, இடுப்பில் சுற்றியிருந்தானா என்பது இப்போது சரியாக நினைவில்லை. பார்த்தவர்களும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் அடி விழுந்த சத்தத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கோயில் வாசலில் சிலுவையோடு குனிந்து நின்ற முதுகு ஒரு முறை துள்ளி அடங்கியது. வெள்ளை அங்கியில் சிவப்பாக ஒரு கோடு ஊறியது. சாயம் என்று நினைத்துக்கொண்டே பெண்கள் விம்மினார்கள்.

சாயமில்லை என்று அடைக்கலத்துக்குத் தெரியும். படைவீரன் வேசத்துக்கு அவனிடம் கொடுத்தது சாயத்தில் நனைத்த நூல் சாட்டை. அதை வேலியில் எறிந்துவிட்டு, மாட்டுவண்டிப் பந்தயத்துக்கென்று ஆவுடையார்கோவிலில் வாங்கிய தோல் சாட்டையைக் கொண்டுவந்திருந்தான். நுனியில் செம்புக் கம்பியை முறுக்கியிருந்தான்.

"பெரிய வெள்ளியும் அதுவுமா அது எதுக்குங்க?" என்று காலையில் அவன் மனைவி பரிமளா கேட்டாள். எண்ணெய் போட என்று சொல்லி வைத்தான்.

போன வருசம் வாய்க்கால் தகராறில் அவன் தம்பி செபஸ்தியின் காலை மண்வெட்டியால் முறித்தவன் சந்தியாகு. லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி, இப்போது கிளட்சை மிதிக்க முடியாமல் வீட்டில் இருக்கிறான். அந்தச் சந்தியாகுவைத்தான் இந்த வருசம் சிலுவைப் பாதையில் இயேசுவாக வரச் சொன்னார்கள். குடியை விட்டுவிட்டான், தினம் பூசைக்கு வருகிறான், ஆளே மாறிவிட்டான் என்றார்கள்.

சிலுவை தூக்குகிறவனுக்கு அந்த ஊரில் கட்டுப்பாடு உண்டு. பெரிய வெள்ளிக்கு முந்திய தவசு காலம் முழுக்கக் கறி, குடி, கோபம் கூடாது. தன்மேல் மனத்தாங்கல் உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று மன்னிப்பு வாங்கிவிட வேண்டும்.

தவசு தொடங்கிய சாம்பல் புதனன்று சந்தியாகு வந்து நின்றான். செபஸ்தி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அடைக்கலம் தன் வீட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்த் தம்பியைச் சத்தம் போட்டான்.

"நான் தோள்ல தூக்கி வளத்த காலுடா அது. மன்னிக்க நீ யாரு?"

அத்தோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. மறுவாரமே அடைக்கலம் போய்ப் படைவீரன் வேசத்தைக் கேட்டு வாங்கினான். பகை தணிந்துவிட்டது என்று ஊர் சந்தோசப்பட்டது.

பெரிய வெள்ளியன்று காலையில் நடிப்பவர்கள் எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். அடைக்கலம் போகவில்லை. மனதில் இருப்பதைச் சொன்னால் சாமியார் வேசத்தைப் பிடுங்கிவிடுவார். சிலுவை கிளம்பும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

தெருவில் தார் கொதித்தது. உபதேசியார் மைக்கில் இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாகச் சொல்லச் சொல்ல, சிலுவை நகர்ந்தது. முன்னால் போனவன் பாரம் தாங்காமல் ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு பக்கம் சாய்ந்தான். சடைமுடியும் முள்முடியும் முகத்தை மறைத்திருந்தன. அடைக்கலத்துக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. முதுகு போதும்.

இழுத்து வீசினான். கம்பி துணியைக் கிழித்து, சதையில் மாட்டி, பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் வீசினான். ஒரு தடவை கத்தியிருந்தால்கூடக் கை ஓய்ந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"மச்சான், போன வருசம் அடிச்சவன் பஞ்சால அடிச்சான். ஒன்னுது மட்டும் என்ன இப்புடிச் சத்தம் போடுது?" என்றான் கூட வந்த படைவீரன் சூசை.

அடைக்கலம் அடுத்த அடிக்குச் சாட்டையை ஓங்கினான்.

மூன்றாம் ஸ்தலத்தில் அவன் விழுந்தான். விழ வேண்டிய இடம்தான். எழத்தான் நேரமாயிற்று. அடைக்கலம் முடியைப் பிடித்து இழுப்பதுபோலக் குனிந்தான்.

"வலிக்குதாடா? என் தம்பிக்கும் இப்புடித்தான் வலிச்சுச்சு."

கீழே கிடந்தவனின் தோள்கள் குலுங்கின.

நான்காம் ஸ்தலத்தில் மாதாவாக வந்த பெண் அவன் முகத்தைக் கையில் ஏந்தினாள். ஏந்தியவள் அழுகைப் பாட்டை மறந்து அப்படியே நின்றாள்.

ஐந்தாம் ஸ்தலத்துக்குள் அவன் மறுபடியும் விழுந்திருந்தான். சிலுவையைத் தாங்கும் சீமோனைக் கூட்டத்திலிருந்து இழுத்து வரவேண்டிய இடம் அது. சூசை ஒரு தலைப்பாகைக்காரனை இழுத்து வந்தான். வந்தவன் குனிந்து சிலுவைக்குத் தோள் கொடுத்தபோது தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது.

சந்தியாகு.

ஓங்கிய சாட்டை அந்தரத்தில் நின்றது.

"நீ எப்புடிடா இங்கிட்டு?"

சந்தியாகு தலை நிமிரவில்லை. "ஒரு வீட்டுல மன்னிப்புக் கெடைக்கலயேண்ணே. நான் தூக்கக் கூடாதுன்னு காலையில சாமிகிட்டச் சொல்லிட்டேன். எனக்குப் பதிலா அவன் வந்தான்."

அடைக்கலம் கீழே பார்த்தான். கிழிந்த அங்கி விலகிக் கிடந்தது. முறிந்து, கோணலாகக் கூடிய முழங்கால்.

செபஸ்தியின் முதுகு ஆற மாதங்கள் ஆயின. வேலிக் கம்பியில் விழுந்துவிட்டதாகவே டாக்டரிடமும் ஊரிடமும் சொன்னான். கட்டு மாற்ற அவனைத் தினமும் பைக்கில் கூட்டிப்போனது சந்தியாகுதான். அடைக்கலம் பந்தய மாடுகளை விற்றுவிட்டான். சாட்டையை மட்டும் விற்கவில்லை, சுவரில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறான். மூன்று பேரும் இப்போது ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. அன்று அந்த உச்சி வெயிலில், சடைமுடிக்குள்ளிருந்து தம்பி சொன்னது அண்ணனுக்கு மட்டும்தான் கேட்டது.

"நிறுத்தாதண்ணே. சனத்துக்குத் தெரிஞ்சிரும்."