குப்பை என்றொரு ஃபோல்டர்

பழைய லேப்டாப் பத்தே நொடியில் திறந்தது. சேதுராமன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான்.

“புது ரேம் போட்டாச்சு. வேண்டாததையெல்லாம் அடியோட அழிச்சாச்சு. இனிமே குதிரைதான்.”

“குப்பைன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சேங்க?” என்றாள் பூங்கோதை.

“முதல்ல அதைத்தான் தூக்கினேன். நீயே குப்பைன்னு பேர் வச்சிருந்தியே!”

ஆறு வருடமாக எழுதிய நாவலை அவன் படித்துச் சிரிப்பான் என்று பயந்துதான் அவள் அந்தப் பெயரை வைத்திருந்தாள்.

“திறந்து பாத்தியா?”

“குப்பையை யாராவது கிளறுவாங்களா?” என்றவனின் முகம் மாறியது. “என்னடி, மரியாதை தேயுது?”

அவன் விரல்கள் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தன. அவள் லேப்டாப்பை மூடி, இரண்டு கைகளாலும் அழுத்தினாள். அவன் அலறினான்.

“திறந்து பாத்தியாடா?”