ஒரு பொத்தான் குறைச்சல்

தனுஜா சுத்தியலைக் கையில் எடுத்தபோது கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. சக்கர நாற்காலியில் இருந்த அவள் அப்பா பிச்சைமுத்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பக்கவாதம் இடது பாகத்தைக் கொண்டுபோய்விட்டதால் பாதி வாய்தான் சிரித்தது.

அவர் மடியில் கனமான போர்வையைப் போட்டுக் கழுத்துவரை மூடினாள். ஃபேக்டரியில் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இதென்ன புது வேஷம் என்று அவர் கேலி செய்தார்.

முதல் அடி திரையின் நடுவில் விழுந்தது.

படக்குழாய் வெடித்துக் கண்ணாடி கூடம் முழுக்கச் சிதறியது. பச்சை எழுத்துகள் செத்தன. அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கை தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்திருப்பார், பாவம்.

அடுத்த அடியில் பெட்டியின் தகரம் உள்ளே போனது. அதற்கடுத்ததில் மூடி பறந்து சாமி படத்துக்குக் கீழே விழுந்தது.

பவர் சப்ளை பட்டர்வொர்த்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. ஃபிளாப்பி டிரைவ் லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பையைக் கிளறி எடுத்தது. போர்டில் வீங்கிக் கிடந்த கப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்து ஈயம் பற்றவைத்தது அவளே. பாயான் பாரு ஃபேக்டரியில் அவளுக்கு அதுதான் வேலை. இப்போது ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடித்தாள்.

மாதக்கணக்கில் உழைத்துச் சரிசெய்ததை எவளாவது உடைப்பாளா? தனுஜா உடைப்பாள். மூலையில் செத்துக் கிடந்ததை உடைத்திருந்தால் அவருக்கு வலித்திருக்காது. அது பிழைத்து எழ வேண்டும், அவர் பார்த்து மனம் குளிர வேண்டும், அப்புறம்தான் அடிக்க வேண்டும்.

பெற்ற பிள்ளைகளைவிட அந்தக் கணினி அவருக்கு உசத்தி. அந்த அடுக்குமாடியில் முதன்முதலில் கணினி வந்த வீடு அவருடையது. பிள்ளைகள் விரல் பட்டால் பெல்ட்தான் பேசும்.

அண்ணன் சிவநேசன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் செத்துப்போனான். இந்த ஃபிளாட்டில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. படியிறங்கிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். மழை ஈரத்தில் படியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அப்பா சொன்னார். அந்தப் படியில் வழுக்காத ஆள் யார்? எல்லாரும் நம்பினார்கள்.

வளர்ந்த பிறகு ஒரு தடவை தனுஜா கேட்டாள், அண்ணன் எப்படிச் செத்தது என்று. அவர் விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது டாக்டர் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை வாதம் வந்தால் பேச்சே நின்றுவிடும் என்று. அதற்குள் அந்தப் பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

அப்பா கீலா என்றார், பைத்தியம் என்றார், சனியன் என்றார், செத்துப்போன அம்மாவையும் இழுத்துத் திட்டினார். போர்வையை உதறிவிட்டு, நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அவள்மேல் மோத வந்தார். அவள் காலை ஓங்கி நாற்காலியை உதைத்தாள். அது பின்னால் ஓடிச் சுவரில் இடித்து நின்றது. அவர் தலையும் இடித்தது. அவள் சுத்தியலைக் கீழே போட்டாள்.

மிச்சமிருந்தது கீபோர்ட்.

அந்தக் காலத்துக் கீபோர்ட், அடியில் இரும்புத் தகடு. ஒரு கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதில் ‘ஏ’ பொத்தான் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று அப்பா யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அந்தக் குழியைப் பென்சிலின் பின்பக்கத்தால் அமுக்கியே அத்தனை வருடம் ஓட்டினார். எல்லாம் மாற்றுகிறாயே, அதற்கும் ஒன்று தேடிப் போடேன் என்று போன மாதம் கேட்டார். அதைத் தேட வேண்டாம்ப்பா என்று மட்டும் சொன்னாள்.

கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலைக்கு மேலே ஓங்கினாள்.

அவர் நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு கண்ணை இறுக்கினார். பாதி வாய் ஏதோ குழறியது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அடித்துவிடுவாள் என்றுதான் அவளுக்கே தோன்றியது.

அடிக்கவில்லை. மெதுவாக இறக்கி அவர் மடியில் வைத்தாள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டு டப்பாவை எடுத்தாள். சின்ன வயதில் வைத்திருந்தது, மூடியில் பூப்படம் தேய்ந்துபோயிருந்தது. அதைத் திறந்து, பழுப்பேறிய ஒரு பொத்தானை எடுத்துக் குழியில் வைத்து அமுக்கினாள். சரியாகப் போய் உட்கார்ந்தது. இத்தனை மாதத்தில் அவள் மாட்டியவற்றில் மாற்றுச் சாமான் அல்லாதது அது ஒன்றுதான்.

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். விரல் நுனியால் பொத்தானைத் தடவினார். அவர் நெற்றி வியர்த்தது. உடைந்ததெல்லாம் மறந்துபோய், அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க இருந்துச்சு? அன்னிக்கு வீடு பூரா தேடுனேனே.”

தனுஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் தலமுடிக்குள்ள இருந்துச்சுப்பா.”