நேர்ல வர வேண்டாம்

“நீங்க நேர்ல வரவே வேண்டாம்னு சொல்றேன்ல!”

போனில் மணிகண்டராஜின் குரல் உயர்ந்தது. இசைவாணிக்கு எரிச்சலாக வந்தது.

விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எங்கெங்கோ இருக்கும் சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் மணிகண்டராஜ் நடத்தும் பட்டாசு ஆலையின் சர்வரும் அதில் ஒன்று. போன மாதம்தான் அவள் பொறுப்புக்கு வந்தது.

காலையிலிருந்து அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. தீபாவளி சீசன். பில் போட முடியாமல் லோடு ஏற்றிய லாரிகள் கேட்டிலேயே நின்றன.

இந்த மாதிரி நேரத்தில் சர்வருக்குள் நுழைய அவளுக்கென்று தனி வழி உண்டு. ஆனால் அந்த ஆலையில் அதற்குத் தனிக் கேபிள் இழுக்கவில்லை. பில் போய் வருகிற அதே கேபிள் வழியாகத்தான் அவளும் போய் வர வேண்டும். இன்று இரண்டும் சேர்ந்தே அடைத்துக்கொண்டன.

“சார், இப்ப பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நேர்ல பாத்தா சட்டுன்னு முடிஞ்சிரும்.”

“வேண்டாம்மா. போன்லயே சொல்லுங்க. அங்கன ஆலை ஆபீஸ்ல புகழேந்தின்னு ஒருத்தன் இருக்கான், செய்வான்.”

என்னத்தையோ ஒளிக்கிறார் என்று நினைத்தாள். அளவுக்கு மேல் ஆள் வைத்து வேலை வாங்குவதாக வீட்டுப் பேச்சில் கேள்விப்பட்டுமிருந்தாள். லாரி நிற்கும்போதுகூட வெளியாள் ஒருத்தியை உள்ளே விடப் பயப்படுகிறார் என்றால் வேறென்ன?

புகழேந்தியையும் லைனில் சேர்த்தாள்.

“அண்ணே, சர்வருக்குப் பின்னாடி இருக்க கேபிளை யாரும் தொட்டாகளா?”

“நேத்து சாயங்காலம் கேமரா மாட்ட வந்தவக, நெட் கேபிளெல்லாம் சொருகுற சுவிட்சுப் பெட்டியில என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாகம்மா. சர்வர் கேபிளைக் கழத்தி வேற ஓட்டையில சொருகுனாக.”

“பழைய ஓட்டை தெரியுமா?”

“தெரியும்.”

“அதுலயே சொருகுங்கண்ணே.”

கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் சர்வர் தெரிந்தது. பில்லும் ஓட ஆரம்பித்தது. “லாரி கெளம்பிருச்சு முதலாளி” என்று சொல்லிவிட்டுப் புகழேந்தி போனை வைத்தார்.

மணிகண்டராஜின் குரல் இறங்கி வந்தது.

“சத்தம் போட்டதை மனசுல வச்சுக்கிடாதம்மா. அது வெடிமருந்து பொழங்குற எடம். இந்த வெயிலுக்கு ஒரு சின்ன உராய்வு போதும். நானே உச்சி நேரத்துல அந்தப் பக்கம் போக மாட்டேன், டவுன் ஆபீஸ்லதான் இருக்கேன். நீ படிச்ச பிள்ளை. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னையப் பெத்தவகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

இசைவாணிக்கு என்னவோ போலாகிவிட்டது. இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே!

“சர்வரைக்கூட அடுத்த வாரம் டவுனுக்கு மாத்திருவேன்” என்றார் அவர். “அந்தச் சூட்டுல அதை வச்சிருக்கவே கூடாதுன்னு சர்வர் வித்த கம்பெனிக்காரன் சொல்லிட்டான். மெஷின் பாவம்ல?”

“என்னம்மா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் சார். எங்கம்மா உங்க ஆலையிலதான் சார் வேலை பாக்காக. மருந்து செலுத்துற அறையில. சின்னத்தாய்னு பேரு.”

“அட, சின்னத்தாய் மகளா நீ!” மணிகண்டராஜ் மனசாரச் சந்தோஷப்பட்டார். “ஒங்கம்மா தங்கமான ஆளும்மா. எப்பேர்ப்பட்ட வெயில்லயும் ஒரு நாள் லீவு போட மாட்டா!”