கப்பல் நேரம்

ஐரிஸ் கைக்கடிகாரத்தின் தோல்வாரை மூன்றாவது துளையில் மாட்டினாள்.

மூட்டுவாதத்தில் கணவர் நார்மனின் விரல்கள் கோணிப்போனதிலிருந்து அது அவள் வேலை. முகம் கழுவி வந்து, ஈரக் கையைக் குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பார்.

"நாலரைக்குள்ள ஏறிடணும். உங்களுக்காகக் கப்பல் நிக்காது."

"வந்துடுறேன் கிழவி. இந்த ஊர் முட்டை டார்ட் பலகாரம் ஆறு வாங்கிட்டு. அதுல நாலு எனக்கு."

அவளுக்கு முழங்கால் வலி. அவர் மட்டும் அந்தச் சின்னப் போர்ச்சுகல் துறைமுகத்தில் இறங்கிப் போனார். அவள் மேல்தட்டில் சாய்வுநாற்காலியில் படுத்து, வெயிலில் அயர்ந்துவிட்டாள்.

எழுப்பியது கப்பலின் சங்கு. கப்பல் கடிகாரத்தில் மணி ஐந்து.

இந்நேரம் கீழே அறையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வில் டையைத் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். அன்றிரவு உடுத்திக்கொண்டு போகவேண்டிய விருந்து.

தட்டெங்கும் காகிதக் கொடிகள், பியர், பாட்டு. உள்ளே ஒலிபெருக்கி ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது மேலே யார் காதிலும் விழவில்லை.

கம்பியோரம் கிளைவ் நின்றிருந்தான். ஸ்டாக்போர்ட்டில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். ஆறு நாளாக இரவுச் சாப்பாட்டில் இவர்கள் மேசைக்காரன். அவள் கையில் ஒரு கொடியைத் திணித்தான்.

"வாங்க வாங்க! நம்ம ஓட்டக்காரர் வந்தாச்சு! துறைமுகத்துக்கு ஒருத்தன் இப்படி லேட்டா ஓடி வருவான்!"

கீழே, புது வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர். கையில் அட்டைப்பெட்டி. அவசரமே இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

பிறகுதான் கப்பலில் ஏறும் ஏணிப்பாலத்தை எடுத்துவிட்டதைப் பார்த்தார். ஓடத் தொடங்கினார்.

குதிரைப் பந்தயத்தில் கத்துவதுபோல் மொத்தத் தட்டும் கத்தியது. ஐரிஸும் கத்தினாள். "ஓடு தாத்தா, ஓடு!" சொந்த ஊரான கிரிம்ஸ்பியின் மீன் ஏலத்தில் முப்பது வருடம் பழகிய தொண்டை. அத்தனை குரலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது.

கிழவர் அந்தக் குரல் வந்த பக்கம் நிமிர்ந்தார்.

இடது கையை உயரத் தூக்கிக் காட்டினார். வலது கை முட்டியை மடக்கி, மணிக்கட்டில் தட்டினார். மறுபடி தட்டினார். விரல் நீளாதவர்கள் தட்டுகிற மாதிரி.

"வாட்ச்சக் காட்டுறாருய்யா! கரை நேரத்த வச்சுக்கிட்டுத் திரியுறாரு! எந்த மடச்சி மாத்தி வச்சு அனுப்புனாளோ!" என்றான் கிளைவ்.

சிரிப்பில் தட்டே குலுங்கியது.

ஐரிஸ் நார்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள். இந்த முறை அவள் குரல் வெளியே வரவில்லை.

கப்பலைக் கரையோடு கட்டியிருந்த கடைசி வடம் பின்பக்கம் எங்கோ சிக்கி முறுக்கேறிக்கொண்டிருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் அதை விட்டுச் சிதறி ஓடினார்கள். கையை வீசி வீசி எதையோ கத்தினார்கள். தன்னைத் தடுக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, நார்மன் தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடினார்.

வடம் அறுந்தது. பீரங்கி வெடித்ததுபோல் இருந்தது.

அது அவரை நெஞ்சில் அடித்தது. ஆள் நின்ற இடத்தில் ஆள் இல்லை. பத்தடி தள்ளிச் சுவரில் மோதி, அங்கிருந்து சரிந்தார். ஒரு செருப்பு அடிபட்ட இடத்திலேயே கிடந்தது. சிமெண்டுத் தரையில் மஞ்சளாக டார்ட்கள். அவற்றின்மேல் சிவப்பு ஊறி வந்தது.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. தொடங்கிய சிரிப்பு முடியச் சற்று நேரம் பிடிக்கும்.

ஐரிஸ் கிளைவின் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைப் பிடுங்கி அவன் முகத்தில் அடித்தாள். அது உடைந்தது. உடைந்ததைக்கொண்டு மறுபடி அடித்தாள். நாலு பேர் இழுத்துப் பிடிக்கும்வரை அவள் கை ஓயவில்லை.

கிளைவுக்குப் பதினொரு தையல். அவன் புகார் கொடுக்கவில்லை. முகக்கட்டோடு இறுதிச் சடங்குக்கு வந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவருன்னு தெரியாது ஐரிஸ். சத்தியமாத் தெரியாது."

கேலி செய்தவனை அடித்தாள், யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை.

முந்தின நாள் ஸ்பெயினில் கப்பல் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தார்கள். போர்ச்சுகலிலும் கப்பலில் அதே நேரம்தான், கடிகாரத்தைத் தொடாதீர்கள் என்று அறைக்குள் ஒரு தாள் போட்டிருந்தார்கள். இரவு விருந்துக்கு என்ன உடுப்பு என்பதுவரைதான் அவள் அதைப் படித்தாள்.

மதியம் கரை நெருங்கியதும் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. நார்மன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மேசைமேல் அவர் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

போன் தப்புக் காட்டாது. அவள் முள்ளை ஒரு மணி பின்னே திருப்பிச் சரிசெய்தாள். பிறகு அவர் ஈரக் கையை நீட்டினார்.

போலீசார் அந்தக் கடிகாரத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடியில் கீறல் மட்டும்தான்.

போர்ச்சுகலுக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே நேரம். கோடை இன்னும் முடியவில்லை; கடிகாரத்தை மாற்றவும் தேவையில்லை. கிரிம்ஸ்பியில், சமையலறை ஜன்னல் விளிம்பில், அது அவள் வைத்தபடியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிமிடம்கூடத் தப்பில்லை.