மூன்றாம் மாடிக்குக் கேட்கும் ஹாரன்

"இதைவிடச் சத்தமா ஒண்ணு இல்லையாண்ணே?"

ஸ்கூட்டரில் புது ஹாரனைப் பொருத்திக்கொண்டிருந்த மெக்கானிக், காதைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார். "இதுவே லாரிக்குப் போடுறது தம்பி. இதுக்கு மேல வேணும்னா கப்பல்லேருந்துதான் கழட்டணும்!"

"தெரு முனையில அடிச்சா ஆபீஸ் மூணாவது மாடியில கேக்கணும். சாப்பிட்டதும் என் வீட்டுக்காரி மேசையிலயே தூங்கிடுறா. இன்னொரு தடவை சோதனையில சிக்கினா வேலை போயிடும்."

"போன் போட்டு எழுப்ப வேண்டியதுதானே?"

"உள்ள போன் கொண்டுபோகக் கூடாது."

"சோதனைக்கு வர்றவன் அவ்வளவு பொல்லாதவனா?"

"ரொம்பக் கண்டிப்பான ஆளுன்னு பேரு."

மெக்கானிக் பரிதாபப்பட்டு, இரண்டாவது ஹாரன் ஒன்றையும் சேர்த்தே பொருத்திக்கொடுத்தார்.

மறுநாள் மதியம் தெரு முனையில் ஸ்கூட்டர் அலறியது. மூன்றாம் மாடியில் பதினேழு தலைகள் வெடுக்கென்று நிமிர்ந்தன. எல்லோருக்கும் முன்னதாக நிமிர்ந்தது ஸ்கூட்டர்காரரின் மனைவியின் தலைதான்.

பத்து நிமிடம் கழித்து நிதானமாகப் படியேறி வந்தவர், ஒவ்வொரு மேசையையும் முறைத்துப் பார்த்தார். பிறகு மனைவியிடமே பேனாவை வாங்கி அறிக்கை எழுதினார்:

"முன்னறிவிப்பின்றி, ஓசைப்படாமல் சென்று சோதித்தேன். அனைவரும் விழிப்புடன் பணியாற்றினர்.

இப்படிக்கு,
திடீர்ச் சோதனை அதிகாரி."